கேரவன் டிவிக்கு டிஷ் முதலில், சிம் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கேரவன் வண்டியில் கடற்கரைப் பயணம் போவதைப் பற்றி வந்த கட்டுரையை உச்சிப்புளி டீக்கடையில் வைத்தே சத்தமாகப் படித்தோம். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்ன கட்டுரையாளர் டிவி விஷயத்தை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். டிஷ்ஷெல்லாம் பழைய காலம், சிம் போட்ட ரூட்டர் ஒன்று இருந்தால் போதுமாம். அந்த வரியை நம்பி வண்டியோடு இங்கே வந்து இறங்குகிறவர்கள் ராத்திரி ஏழரை மணிக்குப் படம் ஓடவில்லை என்று எங்களைப் போல் டிஷ் மாட்டுகிறவர்களுக்குத்தான் போன் செய்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன். டிஷ் மாட்டுகிறவன் டிஷ்ஷுக்குத்தானே பேசுவான் என்று யாரும் நினைக்க வேண்டாம், வண்டிக் கூரையில் சிம் ரூட்டருக்கு ஆன்டெனா மாட்டிக் கொடுப்பதும் நான்தான், சொல்லப்போனால் அதில் கூலி கூடுதல்.

என் கருத்து இதுதான். ராமநாதபுரம் கரையில் வண்டியை நிறுத்திப் போட்டு ராத்திரி டிவி பார்க்க வேண்டுமானால் டிஷ்தான் முதல், சிம் துணைக்கு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இது தலைகீழ். தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், அப்புறம் இந்தப் பக்கம் சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை எங்கே நிறுத்தினாலும் இதைத்தான் சொல்வேன்.

டிஷ் வேண்டாம் என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வண்டிக்காரர்கள் போனில் காட்டுகிற வீடியோக்களில் முக்கால்வாசி இங்கிலாந்துக்காரர்களுடையவை. அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே டிவி வருகிற செயற்கைக்கோள் 28.2 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது, லண்டனிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 25 டிகிரியில்தான் தெரியும். அவ்வளவு தாழ்வாக இருந்தால் எதிரே ஒரு மரம், ஒரு மாடி வீடு, பக்கத்தில் இன்னொரு உயரமான வண்டி, எது நின்றாலும் மறைத்துவிடும். அதோடு அவர்களுடைய சேனல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தைச் சுற்றி மட்டும் விழுகிற மாதிரி குறுகலாக அனுப்பப்படுகின்றன. வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்பெயினின் தென்கோடிக்குப் போனால் பெரிய டிஷ் வேண்டும், அதிலும் சில நேரம் கிடைக்காது. இத்தனை தொல்லைக்கு ஒரு சிம்மே மேல் என்று அவர்கள் முடிவு செய்வதில் ஆச்சரியம் இல்லை.

நம் கரைக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. நாம் பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15, 2015-இல் ஏவியது, 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. ராமநாதபுரத்தில் நின்று பார்த்தால் தென்கிழக்குப் பக்கம் ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில். டாடா ப்ளே வருவது 83 டிகிரியில் இருந்து, அது இன்னும் உயரம், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் என்றே சொல்லலாம். ஏர்டெல் டிஷ் மட்டும் 108.2 டிகிரியைப் பார்ப்பதால் கொஞ்சம் கிழக்கே சாயும், அதுவும் 50 டிகிரிக்கு மேல்தான். ஆகவே பக்கத்தில் டூரிஸ்ட் பஸ் வந்து நின்றாலும் சரி, எதிரே இரண்டு மாடி லாட்ஜ் இருந்தாலும் சரி, டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றும் வராது. நேராக ஒரு மரத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தால் ஒழிய. நம்முடைய டிடிஎச் ஒளிபரப்பு இந்தியா முழுவதும் விழுகிறது, கோவையில் வாங்கிய பெட்டியைத் தனுஷ்கோடி சாலையில் வைத்தாலும் அதே 60 சென்டிமீட்டர் டிஷ் போதும்.

அடுத்தது கூட்டம். வெளியூர்க்காரர்களுக்கு இதுதான் புரிவதில்லை. ராமேஸ்வரம் தீவுக்கு வருகிற ஒரே சாலை பாம்பன் பாலத்து வழிதான், ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை என்றால் அந்தச் சாலை வழியாக லட்சக்கணக்கில் ஜனம் வந்து சேரும். வந்தவர்கள் எல்லாரும் அக்னி தீர்த்தக் கரையில் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள். டவர் என்பது ஊர்ப் பொதுக்குழாய் மாதிரி, குடம் கூடக் கூட ஆளுக்குக் கிடைக்கிற தண்ணீர் குறையும். டிஷ் அப்படி இல்லை. மேலிருந்து விழுவதை ஒருவர் வாங்கினாலும் ஒன்றுதான், லட்சம் பேர் வாங்கினாலும் ஒன்றுதான், அடுத்தவர் பங்கில் இம்மி குறையாது.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கச்சிமடம் பக்கம் ஒரு வண்டிக்குக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்க் குடும்பம், வாடகைக் கேரவன். கூரையில் வெள்ளை நிறத்தில் சுறா துடுப்பு போல அழகான ஆன்டெனா, உள்ளே விலை உயர்ந்த ரூட்டர். டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“அண்ணே, டவர் நாலு கோடும் ஃபுல்லா காட்டுது, ஆனா ஓடவே மாட்டேங்குது. ரூட்டர் போயிருச்சா?” என்று அந்தப் பையன் கேட்கிறான்.

“ரூட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. கோடு காட்டுறது டவர் எவ்வளவு பக்கத்துல இருக்குங்கிறதை. எத்தனை பேரு வரிசையில நிக்கிறாங்கன்னு அது காட்டாது” என்றேன்.

உள்ளே சாய்மானத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய பாட்டி, “இதுக்குத்தான் வீட்டுப் பெட்டியை எடுத்துட்டு வாங்கடான்னேன்” என்று ஒரே போடாகப் போட்டார். அந்த அம்மாவுக்குத் தொடர் தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. என் வண்டியில் எப்போதும் ஒரு டிஷ்ஷும் ஸ்டாண்டும் ஃப்ரீ டிஷ் பெட்டியும் கிடக்கும். அதை இறக்கி வைத்து, ஸ்டாண்டின் கால் நடுவே தண்ணீர் நிரப்பிய இருபது லிட்டர் கேனைக் கட்டி, திருப்பிப் பிடித்ததும் படம் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா கேட்ட சேனல் அதில் இல்லை. டிடி தமிழில் ஏதோ பட்டிமன்றம் ஓடியது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கடைசி வரை பார்த்தார்.

இங்கேதான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, டிஷ், பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்து ஒருமுறை இரண்டாயிரம் ரூபாய்ச் செலவோடு முடிந்துவிடும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் இந்திச் சேனல்கள், தமிழுக்கு டிடி தமிழும் வேறு சிலதும்தான். தூர்தர்ஷனுக்குச் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்கள் இதில் வரும் என்பது ஒரு லாபம். தொடர் பார்க்கிற வீடாக இருந்தால் வீட்டில் ஏற்கெனவே ரீசார்ஜ் செய்து வைத்திருக்கும் கட்டணப் பெட்டியையே கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்த மாதக் காசு எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சன் டைரக்ட்டும் ஃப்ரீ டிஷ்ஷும் ஒரே 93.5 டிகிரியில் இருப்பதால், ஒருமுறை திருப்பி வைத்த டிஷ்ஷில் கேபிளை மட்டும் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பல வீட்டில் இப்படித்தான் நடக்கிறது, ரீசார்ஜ் முடிந்த வாரம் ஃப்ரீ டிஷ், சம்பளம் வந்த வாரம் சன்.

சிம்மில் பார்த்தால் என்ன செலவு என்றும் பார்த்துவிடலாம். எச்டி படம் ஒரு மணி நேரம் ஓடினால் 2-லிருந்து 3 ஜிபி வரை போகும். சாதாரணத் தரத்தில் வைத்தால் முக்கால் ஜிபி, ஒரு ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பேக்கில் ஒரு டி20 ஆட்டத்தை எச்டியில் பார்க்க உட்கார்ந்தால் முதல் பாதியே முடியாது, அதற்குள் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் வாட்ஸ்அப் எழுத்து போகும், படம் போகாது. 5ஜி கிடைக்கிற இடத்தில் அளவில்லாமல் தருகிறார்களே என்பார்கள். தருகிறார்கள்தான், ராமநாதபுரம் டவுனில் நின்றால் நன்றாகவே வரும். ஆனால் கேரவன் எடுத்துக்கொண்டு வருகிறவர் டவுன் பஸ் ஸ்டாண்டிலா நிறுத்தப் போகிறார்? கீழக்கரை தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி நோக்கிப் போனால் ஊர் வரும்போது ஏறுகிற சிக்னல் நடுவில் பனங்காடு வரும்போது இறங்கும். நல்ல காட்சி இருக்கிற இடத்துக்கும் நல்ல டவர் இருக்கிற இடத்துக்கும் ஆகவே ஆகாது.

தனுஷ்கோடிப் பக்கம் வேறு ஒரு கூத்து நடக்கும். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான், நடுவில் மறைக்க ஒன்றுமில்லாத தண்ணீர். போன் பாட்டுக்கு அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். சாதா பிரீபெய்டு சிம் என்றால் இணைப்பு தடுமாறுவதோடு சரி. வெளிநாட்டு ரோமிங் திறந்து வைத்திருக்கிற சிம்மாக இருந்து, அதை ரூட்டரில் போட்டு, டிவியும் ஓடிக்கொண்டிருந்தால் பில்லைப் பார்த்து நெஞ்சு அடைத்துவிடும். ரூட்டரின் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் உங்கள் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள், டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. எங்களுக்கு இது புதிது இல்லை, எங்கள் அப்பா காலத்தில் இந்தக் கரையில் உயரமாக மூங்கில் நட்டு ஏரியல் கட்டி இலங்கை டிவியான ரூபவாஹினிதான் பார்த்தார்கள், 1982-இல் அது தொடங்கியபோது நம் ஊர் டிவி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்தில் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற டிவி கோபுரம் பின்னால் வந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஏரியலே போதுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம். தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பை நாட்டில் பெரும்பாலான இடங்களில் நிறுத்தியே சில வருடம் ஆகிறது.

சரி, டிஷ்ஷை எப்படி வைப்பது. கூரையில் நிரந்தரமாக மாட்டச் சொல்லி வருகிறவர்களை நான் தடுத்துவிடுவேன். வண்டி ஸ்பிரிங் மேல் நிற்கிறது. உள்ளே ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலே கூரை ஆடும். 60 சென்டிமீட்டர் டிஷ் பிடிக்கிற கோணம் மூன்று டிகிரிகூட இல்லை, அந்த ஆட்டத்துக்கே படம் கட்டம் கட்டமாக உடையும். தானாகத் திரும்பி வானத்தைத் தேடிப் பிடிக்கிற டிஷ்களும் இருக்கின்றன, ஓடும்போதே பிடிப்பவையும் உண்டு, அவற்றின் விலைக்கு நல்ல டூவீலரே வாங்கிவிடலாம். தரையில் மூன்று கால் ஸ்டாண்டில் வைப்பதுதான் உத்தமம்.

மணலில் வைக்கும்போது ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். போட்டு, கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதில் சின்னதாக ஒன்றை வைத்துச் சமம் பாருங்கள். சோம்பேறித்தனப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அரைமணி நேரம் டிஷ்ஷோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஏனென்றால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை டிஷ்ஷின் ஏற்றக் கோணம் ஒரு டிகிரிகூட மாறாது. ஒருமுறை சரியாக வைத்துப் போல்ட்டை முறுக்கி, பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த இடத்தில் ஸ்டாண்டு சமமாக நிற்கும் பட்சத்தில் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் போதும், தானாக மாட்டும். சென்னையில் சரிசெய்து கொண்டு வந்தவர்களுக்கு டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலை வாங்குகிற எல்என்பியையும் அதன் பிடியில் லேசாகத் திருக வேண்டியிருக்கும், அங்கே நின்ற சாய்வு இங்கே சரிவராது. திசை பார்க்கப் போனில் இருக்கிற காம்பஸை நம்புகிறவர்கள் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள், பக்கத்தில் அத்தனை இரும்பு இருந்தால் முள் பொய் சொல்லும். இன்னொன்று, நம் டிஷ்ஷைப் பார்த்தால் அது பார்க்கிற திசையைவிடத் தாழ்வாகப் பார்ப்பது போல் தெரியும், அதன் வடிவம் அப்படி. அதனால் கண்ணால் பார்த்து மேலே மேலே தூக்கிக்கொண்டே போகாதீர்கள்.

அப்புறம் காற்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்தில் கட்டிப்போட்ட தார்ப்பாயையே கிழித்துக்கொண்டு போகும். அப்போது டிஷ்ஷை வண்டிக்குக் கிழக்கே, வண்டியை ஒட்டி வையுங்கள். தென்மேற்கிலிருந்து வருகிற காற்றை வண்டியே தாங்கிக்கொள்ளும், டிஷ் பார்ப்பது தென்கிழக்கு வானம், அதுவும் அவ்வளவு உயரத்தில், வண்டி குறுக்கே வராது. ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அதே டிஷ் வண்டிக்குத் தெற்கே போக வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காற்றுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. இந்தக் கரையில் எது கெட்டாலும் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான். தங்கச்சிமடத்தில் கடலுக்கு எதிர் வீட்டில் போன மாதம் ஒரு கனெக்டரைக் கழற்றினேன், மூடி கையோடு மாவாக உதிர்ந்தது. உள்ளே செப்புக் கம்பி பச்சை பூத்து ஊசி முனை மாதிரி மெலிந்து நின்றது. டிவியில் சிக்னல் ஸ்ட்ரெங்த் நன்றாகக் காட்டும், குவாலிட்டி மட்டும் ஏறி இறங்கும், வீட்டுக்காரர்கள் பெட்டியைக் குறை சொல்வார்கள். கேரவனுக்கு டிஷ் வாங்கினால் கேபிளின் இரண்டு முனையிலும் கிரீஸ் ஒரு துளி தடவி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற கறுப்பு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதா இன்சுலேஷன் டேப் இரண்டு வாரத்தில் பிரிந்து தொங்கும். ஊருக்குத் திரும்பியதும் டிஷ்ஷையும் ஸ்டாண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கூரையில் சிம் ஆன்டெனா வைத்திருக்கிறவர்களும் இதே வைத்தியத்தைச் செய்தாக வேண்டும், உப்புக்கு டிஷ்ஷென்றும் சிம்மென்றும் பேதம் கிடையாது.

டிஷ்ஷுக்கும் கெட்ட நேரம் உண்டு. அதை மறைத்தால் நான் வியாபாரி ஆகிவிடுவேன். அடைமழையில் படம் போகும், மேகம் கறுத்து வரும்போதே போகும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் டிஷ்ஷை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வண்டியை மேட்டுக்கு நகர்த்துவதுதான் வேலை. சாதாரண மழை என்றால் பெரும்பாலும் கால்மணி, அரைமணியில் திரும்பி வந்துவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் முற்பகலில் சில நிமிடம் காரணமே இல்லாமல் படம் உடையும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதுதான் காரணம். அப்போது டிஷ்ஷைத் தொட்டுத் திருப்பிவிடாதீர்கள், தானே சரியாகும். அரியமான் கடற்கரையில் நிழலுக்காகச் சவுக்குத் தோப்புக்குள் வண்டியை விடுகிறவர்கள் டிஷ்ஷை நீளமான கேபிள் போட்டு வெளியே திறந்த மணலுக்குக் கொண்டுவர வேண்டும். இருபது மீட்டர் கேபிள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இந்த மாதிரி நேரங்களில் சிம் கைகொடுக்கும். வண்டி ஓடும்போது சாதா டிஷ்ஷால் ஒன்றும் செய்ய முடியாது, சென்னையிலிருந்து இங்கே வருகிற அந்த ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குப் பின்சீட்டுப் பிள்ளைகளுக்குச் சிம்தான் கதி. விட்டுப்போன தொடர், புதுப் படம், யூடியூப், வீட்டுக் கேமரா, இதெல்லாம் டிஷ்ஷில் வராது. தனியாக வருகிறவர், போனிலேயே பார்த்துப் பழகியவர் என்றால் டிஷ்ஷே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். வண்டியின் உடம்பு தகரம், உள்ளே சிக்னல் செத்துவிடும், ஆகவே ஆன்டெனா வெளியே இருக்க வேண்டும், ரூட்டர் அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நடுவில் பத்து மீட்டர் கேபிள் இழுத்தால் மேலே பிடித்ததைக் கேபிளே குடித்துவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு சிம் வாங்குவதில் பொருளில்லை, இரண்டு கம்பெனி வேண்டும், அதில் ஒன்று பிஎஸ்என்எல் ஆக இருந்தால் நல்லது, 4ஜி வந்த பிறகு டவுனை விட்டுத் தள்ளிய சில இடங்களில் அது மட்டும் விடாமல் கிடைப்பதைப் பார்க்கிறேன். எந்த இடத்தில் எது கிடைக்கும் என்று தெரியவில்லையா, கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கிறவரிடம் கேளுங்கள். கடலுக்குள் எவ்வளவு தூரம் போனால் எந்த சிம் விடுபடும் என்பது வரை அவர்களுக்கு அத்துப்படி. ஆப்பில் படத்தின் தரத்தை 480-க்கு இறக்கி வையுங்கள். 24 அங்குல டிவியில், படுத்துக்கொண்டு பார்க்கும்போது வித்தியாசம் தெரிகிறது என்று சொல்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது புதிதாகக் கேட்பது செயற்கைக்கோள் இணையம். டிஷ் வேறு, இது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டிவி டிஷ் வாங்க மட்டும்தான் செய்யும், திருப்பி அனுப்பாது. இணையத் தட்டு அனுப்பவும் செய்யும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாக இணையம் என்றால் கேள்வி போய்ப் பதில் வரவே அரை விநாடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் அளவில் தாழப் பறப்பதால் அந்தத் தாமதம் இல்லை. அந்தக் கம்பெனிக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜூனில் உரிமம் கொடுத்தது. ஆனால் கம்பெனிக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்பதற்காக, வெளிநாட்டில் இருக்கிற மச்சான் அங்கே வாங்கி அனுப்பிய தட்டை இங்கே கூரையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. நம் நாட்டில் பதிவு செய்யாத இணையத் தட்டும் சாட்டிலைட் போனும் சட்டப்படி குற்றம். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை, வழியெல்லாம் மெரைன் போலீஸ். இந்தக் கரையில் அப்படி ஒரு தட்டை விரித்து வைத்தால் சீரியல் பார்க்கத்தான் சார் வைத்தேன் என்று யாரிடம் போய் விளக்குவது? ஐரோப்பாவிலிருந்து சொந்த வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிற வெள்ளைக்காரர்கள் சிலர் கூரையிலேயே பொருத்தி வருகிறார்கள். அவர்களுக்கு லாட்ஜ்காரர்களும் வழிகாட்டிகளும் முதல் நாளே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. சட்டத்துக்கு உட்பட்டு இங்கேயே வாங்கி மாட்டினாலும், நாலு நாள் கடற்கரையில் தொடர் பார்ப்பதற்காக அவ்வளவு செலவு செய்வது என் புத்திக்கு எட்டவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறவர் வாங்கட்டும்.

கரன்ட் விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் இன்வெர்ட்டர் போடாமலே வண்டியின் பேட்டரியிலிருந்து ஓட்டலாம். நேராகக் கொடுக்காதீர்கள், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், நடுவில் 12 வோல்ட்டைச் சீராகத் தருகிற சின்ன கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். சின்ன டிவிகளிலும் 12 வோல்ட்டில் ஓடுபவை கிடைக்கின்றன. பெட்டி, டிவி இரண்டும் சேர்ந்து ஐம்பது வாட்டுக்குள் அடங்கிவிடும், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரிக்கு ராத்திரி நாலு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஏசியையும் அதே பேட்டரியில் போட்டுவிட்டு டிவி அணைகிறது என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

கடைசியாக, உங்கள் பத்திரிகை வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு கோரிக்கை. கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்து, வண்டி நிறுத்தும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி வகுத்தார்கள். இங்கே வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன, நிறுத்த இடம்தான் சரியில்லை. அரிச்சல்முனையில் மாலையானால் போலீஸ் திருப்பி அனுப்பிவிடுகிறது, அது சரியான ஏற்பாடுதான், அங்கே ராத்திரித் தங்குவது ஆபத்து. அப்படித் திரும்பி வருகிறவர்கள் ராமேஸ்வரம் ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு தூங்குகிறார்கள். அரியமானிலும் தேவிபட்டினத்திலும் காரங்காட்டுப் பக்கத்திலும் தலைக்கு மேல் மரம் இல்லாத திறந்த இடமாகப் பார்த்து, மீட்டர் வைத்த பிளக் பாயின்ட்டும் ஒரு தண்ணீர்க் குழாயும் ராத்திரிக்கு ஒரு காவலாளியும் போட்டுக் கொடுத்தால் கட்டணம் கொடுத்துத் தங்க ஆள் இருக்கிறது. மீனவர் சங்கத்து வீட்டுப் பிள்ளைகளையே காவலுக்கு வைக்கலாம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லாமல் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வருமானம், அதே நாட்களில்தான் பள்ளி விடுமுறைக்கு வண்டிகளும் வருகின்றன.

இப்படிக்கு,
டிஷ் மாட்டும் வாசகர் ஒருவர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.